தெருவுக்கு ஒரு மழைத்தோட்டம்: குழி தோண்டுவதற்கு முன்பிருந்து இரண்டாவது கோடை வரை

சென்னையில் ஒரு மணி நேரம் நல்ல மழை அடித்தால் போதும், சில தெருக்களில் கணுக்கால் தண்ணீர் நின்றுவிடும். வடிகால் இருக்கும், அடைப்பும் இருக்காது, ஆனாலும் நிற்கும். நகரம் கடல் மட்டத்திலிருந்து சராசரியாக 6.7 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் ஓட வாட்டம் கிடையாது. அடையாறும் கூவமும் பக்கிங்காம் கால்வாயும் நிரம்பி, கடலும் ஏற்றத்தில் இருக்கும் நேரத்தில் தெருத்தண்ணீர் போக இடமில்லாமல் காத்துக் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து எல்லா மாடிகளும் எல்லாத் தெருக்களும் ஒரே அரைமணி நேரத்தில் தண்ணீரை வடிகாலுக்குள் தள்ளுகின்றன.

மழைத்தோட்டம் அந்த அவசரத்தைக் குறைக்கிறது. ஆழமில்லாத ஒரு பள்ளம், தண்ணீர் குடிக்கிற மண், ஈரத்தையும் வறட்சியையும் தாங்கும் செடிகள், இவ்வளவுதான். மாடியிலிருந்தும் தெருவிலிருந்தும் வரும் தண்ணீரை அரை அடி உயரம் வரை பிடித்து வைத்து, ஒரு நாளுக்குள் மண்ணுக்குள் இறக்கிவிடும். மிஞ்சுவதை மட்டும் வடிகாலுக்கு அனுப்பும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் 1990-களின் தொடக்கத்தில் ஒரு புதிய குடியிருப்புக்காக வீட்டுக்கு வீடு இப்படிப் பள்ளம் வைத்ததிலிருந்துதான் இந்தப் பெயர் பரவியது. ஏரியும் குளமும் வெட்டிய ஊருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை, அளவுதான் சிறிது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 2015 டிசம்பர் 1-2ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அந்த மாதிரி மழைக்கு மழைத்தோட்டம் பதில் இல்லை. ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்தால் அதைத் தெருமுனைப் பள்ளம் தடுக்காது. ஐப்பசி கார்த்திகையில் திரும்பத் திரும்ப வரும் 2, 3 செ.மீ. மழைக்கு இது ஏற்றது. பெரிய மழையிலும் முதல் தண்ணீரை வாங்கி வைத்து வடிகாலுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கும். கூட்டத்தில் பேசும்போது இதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

எங்கே வைப்பது: தண்ணீர் நிற்கும் இடத்திலா?

பத்தில் ஒன்பது பேர் தெருவிலேயே தாழ்வான, தண்ணீர் தேங்கும் இடத்தைத்தான் காட்டுவார்கள். பெரும்பாலும் அதுதான் தவறான இடம். அங்கே மண் ஏற்கெனவே ஊறிப்போயிருக்கும், புதிதாக ஒரு சொட்டும் இறங்காது. குளம் வெட்டி வைத்த கதையாகிவிடும். அந்தத் தாழ்வுக்கு வந்து சேருமுன் தண்ணீர் எந்த வழியாக வருகிறதோ, அந்த வழியில் மேடான பக்கத்தில் மறித்து வாங்க வேண்டும்.

அதற்கு மழையில் நனையத்தான் வேண்டும். ஒரு நல்ல மழையின்போது குடையைப் பிடித்துக்கொண்டு தெருவின் மேட்டு முனையிலிருந்து நடந்து பாருங்கள். எந்த வீட்டு மாடிக்குழாய் தெருவில் கொட்டுகிறது, தண்ணீர் இடது ஓரமாக ஓடுகிறதா வலது ஓரமாகவா, எந்த வேகத்தடை அதைத் திருப்பிவிடுகிறது, எந்த வடிகால் வாயில் சுழித்து இறங்குகிறது என்று போனிலேயே வீடியோ எடுத்து வையுங்கள். கோடையில் இடம் குறிக்கும்போது இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. இன்னொன்றும் தெரிய வேண்டும்: வடிகாலில் வருவது மழைத்தண்ணீர் மட்டும்தானா, யாராவது கழிவுநீர் இணைப்பையும் சேர்த்துவிட்டிருக்கிறார்களா என்பது. மழை இல்லாத நாளிலும் வடிகாலில் தண்ணீர் ஓடினால் சந்தேகமே வேண்டாம். அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பக் கூடாது.

இடத்துக்குச் சில கட்டாயங்கள் உண்டு. வீட்டு அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி இருக்க வேண்டும். செப்டிக் டேங்க் மீதோ அதன் அருகிலோ வேண்டாம். பெரிய மரத்தின் வேரை வெட்டித்தான் தோண்ட முடியும் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மரம் ஏற்கெனவே நிறையத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது. பூங்கா மூலை, அடுக்குமாடிக் குடியிருப்புக்காக விடப்பட்ட திறந்தவெளி நிலம், அகலமான நடைபாதையின் ஓரம், பள்ளிக்கூட மைதானத்தின் விளிம்பு எல்லாம் சரிப்படும். ஒரே பெரிய இடம் கிடைக்காவிட்டால் தெருவோரமாகச் சின்னச் சின்னப் பள்ளங்களாகவும் பிரித்துக்கொள்ளலாம்.

மண்ணும் கிணறும் என்ன சொல்கின்றன

சென்னையின் மண் பேட்டைக்குப் பேட்டை மாறும். திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம் பக்கம் மணல். அண்ணா நகர், கே.கே. நகர், கொளத்தூர், விருகம்பாக்கம் பக்கம் களி. கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கத்தில் பாறை. ஒரே தெருவில்கூடப் பழைய ஏரி மண், கட்டிட இடிபாடு, கொட்டி மேடாக்கிய செம்மண் என்று மூன்றும் இருக்கும். அதனால் சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

கடப்பாரை போட்டு ஒரு அடி அகலம், இரண்டே முக்கால் அடி ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். முதல் நாள் அதை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி அப்படியே விட்டுவிடுங்கள். இந்த ஒரு நாளைத் தவிர்க்கக் கூடாது. கோடையில் களிமண் வெடித்துக் கிடக்கும், ஊற்றிய தண்ணீரெல்லாம் வெடிப்புக்குள் ஓடி மறைந்து, மண் அருமையாகக் குடிக்கிறது என்று ஏமாற்றும். மண் ஊறி, வெடிப்பு மூடிய பிறகுதான் உண்மை தெரியும். மறுநாள் திரும்பவும் எட்டு அங்குலம் தண்ணீர் ஊற்றி, ஒரு மர ஸ்கேலைக் குழிக்குள் நட்டு, மணிக்கொரு தரம் குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு அரை அங்குலம், அதாவது 12 மி.மீ. இறங்கினால் போதும். அரை அடி தண்ணீர் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடும். அதற்குமேல் இறங்கினால் இன்னும் நல்லது. கால் அங்குலத்துக்கும் கீழே என்றால் அடியில் துளையிட்ட குழாய் பதித்து வடிகாலுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும், அல்லது இடத்தை மாற்ற வேண்டும்.

அப்புறம் கிணறு. தெருவில் யார் வீட்டிலாவது பழைய திறந்த கிணறு இருந்தால், கார்த்திகை மாதத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். தோட்டக்குழியின் அடிமட்டம், நிலத்தடி நீரின் உச்ச மட்டத்துக்குக் குறைந்தது 2 அடி மேலே இருக்க வேண்டும். கார்த்திகையில் கிணற்று நீர் மூன்றடியில் எட்டிப் பார்க்கிற தெருவில், இரண்டே முக்கால் அடிக் குழி மழைக்காலம் முழுக்கக் குட்டையாகத்தான் இருக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான தெருக்களில் இந்த நிலை சாதாரணம். அங்கே தண்ணீரை மாடியிலேயே தொட்டிகளில் பிடித்து வைப்பதும், பின்னால் மெல்லத் திறந்துவிடுவதும்தான் புத்திசாலித்தனம். வெளிநாட்டு வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். நமக்கு மழை வருஷம் முழுக்கப் பரவிப் பெய்வதில்லை. ஆண்டின் மொத்த மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களில் கொட்டுகிறது, நிலத்தடி நீர் அதே நேரத்தில் எழும்புகிறது.

உங்கள் பகுதியின் மண்ணைப் பற்றித் தெரிந்தவர்களிடம் பேச வேண்டுமென்றால், மண்டைவெளியில் 2002 முதல் இருக்கும் 'மழை இல்லம்' என்ற மழைநீர் சேகரிப்புத் தகவல் மையத்தில் விசாரிக்கலாம்.

ஆளும் அனுமதியும்

தெரு, நடைபாதை, பூங்கா எல்லாம் மாநகராட்சிக்குச் சொந்தம். அனுமதி இல்லாமல் கடப்பாரை போடாதீர்கள். குடியிருப்போர் நலச்சங்கத்தின் பெயரில் வார்டு உறுப்பினரிடமும் மண்டல அலுவலகத்திலும் கடிதம் கொடுங்கள். ஏரியா சபைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவந்தால் கடிதத்துக்குக் கனம் கூடும். மாநகராட்சியே சில பூங்காக்களில் ஸ்பாஞ்ச் பார்க் என்ற பெயரில் தண்ணீர் பிடிக்கும் பள்ளங்களை அமைத்திருக்கிறது. 'அதே மாதிரி, சின்னதாக' என்று சொன்னால் பொறியாளருக்கு உடனே புரியும். மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும் நமக்கு நாமே திட்டத்தில் சேர்க்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

மின்வாரியம், குடிநீர் வாரியம், கேபிள்காரர்கள் மூவரிடமும் பூமிக்கடியில் என்ன போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். சென்னையில் பல இடங்களில் மின்வடம் நினைப்பதைவிட மேலேயே கிடக்கும். வடம் போகும் பக்கத்தில் ஜேசிபி வேண்டவே வேண்டாம். மின்வாரிய ஆள் வந்து காட்டிய பிறகு, கையால்தான் தோண்ட வேண்டும்.

தெருவில் எதிர்ப்பும் வரும். "கொசு வராதா?" என்பதுதான் முதல் கேள்வி. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஒரு நாளில் வடியும் பள்ளத்தில் அதற்கு நேரமில்லை. இதை வாயால் சொல்வதைவிட, சோதனைக்குழியில் தண்ணீர் இறங்குவதை நேரில் காட்டுவது பலன் தரும். இரண்டாவது கேள்வி பார்க்கிங். அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஒரு கார் நிற்கும் இடம் போகத்தான் செய்யும்.

கணக்கு

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். நமக்குச் சதுர அடிதான் பழக்கம் என்பதால் இப்படி வைத்துக்கொள்ளலாம்: 1,000 சதுர அடியில் 1 செ.மீ. மழை என்றால் சுமார் 930 லிட்டர்.

ஒரு தெருமுனையை எடுத்துக்கொள்வோம். ஆறு வீட்டு மாடிகள், தலா 1,000 சதுர அடி. தெருவில் 200 அடி நீளம், 20 அடி அகலம். மொத்தம் 10,000 சதுர அடி கான்கிரீட்டும் தாரும். பெய்வதில் பத்தில் ஒன்பது பங்கு ஓடி வரும். தோட்டத்தின் பரப்பு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,000 சதுர அடி என்று வையுங்கள்.

2.5 செ.மீ. மழைக்கு ஓடி வருவது சுமார் 20,900 லிட்டர். தோட்டத்தின் மேலேயே பெய்வது 2,300. ஆக 23,200 லிட்டர். தோட்டம் பிடிப்பது எவ்வளவு? மேலே அரை அடி தண்ணீர் நின்றால் 500 கன அடி, அதாவது சுமார் 14,150 லிட்டர். கீழே இரண்டடி மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு காற்றிடம் என்றால் இன்னும் 11,300. மொத்தம் 25,000-க்கு மேல். ஆக, அந்த மழை முழுவதும் உள்ளே அடங்கிவிடும்.

பன்னிரண்டு மணி நேரத்தில் 10 செ.மீ. பெய்தால்? வருவது கிட்டத்தட்ட 93,000 லிட்டர். தோட்டம் பிடிப்பதும், அந்த நேரத்தில் பூமிக்குள் இறங்குவதும் சேர்ந்து 39,000 லிட்டர் வரும். நூற்றில் நாற்பது. மீதி வடிகாலுக்குப் போகும், ஆனால் தாமதமாகப் போகும். பக்கங்கள் சரிவாக இருப்பதால் நிஜத்தில் கொள்ளளவு கொஞ்சம் குறையும். அதற்குத் தகுந்தாற்போல் அகலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஆழத்தைக் கூட்டாதீர்கள். இடம் இல்லையென்றால் வாங்கும் பரப்பைக் குறைத்து, ஆறு மாடிக்குப் பதில் இரண்டு மாடியை மட்டும் இணையுங்கள். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வைத்த குழி பல வீடுகளில் தூர்ந்து கிடக்கும். அதைச் சுத்தம் செய்து, மிஞ்சும் தண்ணீரை மட்டும் தோட்டத்துக்குக் கொடுத்தால் சுமை குறையும்.

மட்டம்தான் எல்லாம்

செடி செத்தால் வேறு நடலாம். மட்டம் தப்பினால் தோட்டம் முழுதும் வீண். தெருவின் ஓரத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நுழையும் வாய் அதற்கு ஒரு அங்குலம் கீழே. மிஞ்சியது வழிந்து வடிகாலுக்குப் போகும் வாய் மூன்று அங்குலம் கீழே. தோட்டத்தின் மண்மட்டம் ஒன்பது அங்குலம் கீழே. குழியின் அடி முப்பத்து மூன்று அங்குலம் கீழே. வழியும் வாய் தெருவைவிடத் தாழ்ந்து இருப்பதால்தான் தோட்டம் நிரம்பினாலும் தண்ணீர் தெருவுக்குத் திரும்பாது. அந்த வாயிலிருந்து போகும் குழாய் வடிகாலில் சேரும் இடம் இன்னும் தாழ்வாக இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள்.

இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அனுபவமுள்ள கொத்தனார்கூட டியூப் லெவல்தான் பிடிப்பார். கண்ணாடி மாதிரித் தெரியும் முப்பது அடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒருவர் ஒரு முனையைத் தெருவோரத்துக் குச்சியில் பிடிக்க, இன்னொருவர் மறுமுனையைத் தோட்டத்துக் குச்சியில் பிடித்தால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். அங்கே பென்சிலால் கோடு. நடுவில் ஒரு காற்றுக்குமிழி மாட்டியிருந்தாலும் கணக்கு தப்பும். எனவே குழாயை நீளத்துக்கும் தட்டி, குமிழியை வெளியேற்றிவிட்டுப் பிடியுங்கள். வாய்களைச் சிமென்ட் வைத்துக் கட்டிய பிறகு அதே அளவை மறுபடி பாருங்கள். பூச்சு வேலையில் அரை அங்குலம் ஏறிவிடுவது வழக்கம்.

தோண்டுவதும் நிரப்புவதும்

வேலையை வைகாசி ஆனியில் தொடங்கி, ஆடிக்குள் செடி நட்டுவிட வேண்டும். இடியோடு வரும் மாலை மழைகளில் வேர் பிடித்துக்கொண்டால், ஐப்பசி மழைக்குத் தாங்கும். புரட்டாசியில் தோண்ட ஆரம்பிப்பதாக இருந்தால் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

ஜேசிபி வைத்தால் வெளியே நின்றுதான் மண்ணை வார வேண்டும், குழிக்குள் இறங்கக் கூடாது. அதன் எடை அடிமண்ணை இறுக்கிவிடும். வாளி உரசிய களிமண் வழவழவென்று பூசினாற்போல ஆகியிருக்கும், அதைக் கடப்பாரையால் குத்திக் கிளறிவிடுங்கள். பக்கங்கள் ஒரு அடி இறங்க மூன்று அடி ஓடும் சரிவாக இருந்தால் குழந்தைகள் விழுந்தாலும் எழுந்து வந்துவிடுவார்கள்.

நிரப்பும் கலவை: மணல் பாதி, தோண்டிய மேல்மண் பத்தில் மூன்று பங்கு, மக்கிய தொழுஉரம் அல்லது மாநகராட்சி உரம் பத்தில் இரண்டு பங்கு. 1,000 சதுர அடிக்கு இரண்டடி மண் என்றால் 2,000 கன அடி, லாரிக்காரர் கணக்கில் 20 யூனிட். அதில் மணல் 10 யூனிட். எம்-சாண்ட் வாங்கினால் கழுவியதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி வையுங்கள். மேலே தடிமனாகக் கல்தூள் படிந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடலாம். அந்தத் தூள்தான் பின்னால் மண்ணின் கண்ணை அடைக்கும். மேல்மண் சுத்தக் களி என்றால் அதைக் குறைத்து மணலைக் கூட்டுங்கள்.

களித்தெருவில் அடியில் அரை அடி உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, அதன் நடுவே நான்கு அங்குலத் துளைக்குழாய், மேலே இரண்டு அங்குலம் சிப்ஸ் ஜல்லி, அப்புறம் கலவை. இந்த அடுக்குக்குத் தனியாக எட்டு அங்குலம் கூடுதலாகத் தோண்ட வேண்டும், கிணற்று மட்டக் கணக்கிலும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே துணி விரிக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, வண்டல் முதலில் அடைப்பது அந்தத் துணியைத்தான். மணல் தெருவில் ஜல்லியே தேவையில்லை.

கலவையை முக்கால் அடி முக்கால் அடியாகப் போட்டுத் தண்ணீர் தெளித்தால் தானே அமரும். மிதித்தோ திம்மிசு போட்டோ இறுக்காதீர்கள். கடைசியில் இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தியே விடுங்கள், முதல் மழையில் இறங்கிவிடும். தண்ணீர் நுழையும் வாய்க்கு உள்ளே ஒரு சின்ன வண்டல் தொட்டி, சுமார் இரண்டடிக்கு மூன்றடி, கூழாங்கல் பாவியது, கட்டாயம் வேண்டும். தெருவின் மணலும் எண்ணெயும் பான்பராக் உறையும் அங்கேயே நின்றுவிட்டால் தோட்டம் நீண்ட நாள் உழைக்கும்.

எதை நடுவது

நம் ஊர்த் தோட்டம் மூன்று மாதம் நனையும், ஒன்பது மாதம் காயும். தண்ணீரை விரும்பும் செடி கத்திரியில் கருகும், வறண்ட நிலச் செடி கார்த்திகையில் அழுகும். இரண்டையும் தாங்குவது சிலதான். அடித்தளத்துக்கு வெட்டிவேரை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒரு அடிக்கு ஒரு தூர் வைத்தால் வேர் நேராகக் கீழே இறங்கி மண்ணைத் திறந்து வைக்கும். இடையில் கல்வாழை. தரையை மூடப் பொடுதலை, நிழல் இருந்தால் வல்லாரை. சரிவில் நொச்சியும் ஆடாதொடையும் எலுமிச்சைப் புல்லும். கொசுவைச் சொல்லிச் சண்டைக்கு வந்தவருக்கே அந்த நொச்சித் தழையைப் புகைபோடக் கொடுக்கலாம். விளிம்பில் பிரண்டை, கற்றாழை, துளசி. புங்கனும் பூவரசும் பள்ளத்துக்கு வெளியே, தள்ளி. கொரியன் புல் வேண்டாம், கோரையை வரவிடாதீர்கள், வந்தால் கிழங்கோடு எடுங்கள்.

சருகு மூடாக்கைக் கோடைக்கு மட்டும் வையுங்கள். மழைக்காலத்தில் அது மிதந்துபோய் வழியும் வாயை அடைத்துவிடும்.

மழைக்காலமும் அதற்குப் பிறகும்

செடி வேர் பிடிக்கும்வரை நுழைவாயை மணல் மூட்டை வைத்து மூடி வையுங்கள். தெருவில் யாராவது வீடு கட்டினாலும் இதே மூட்டைதான் காவல். கான்கிரீட் கலவை கழுவிய தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் மேல்மண் பலகையாகிவிடும். சாலை போட வருகிறார்கள் என்றால் பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பிடித்த மட்டமெல்லாம் மாறும், நுழைவாய் தாருக்குள் போய்விடும்.

பெரிய கமிட்டி தேவையில்லை. நுழைவாய்க்கு ஒருவர், வழியும் வாய்க்கு ஒருவர், வண்டல் தொட்டிக்கு ஒருவர், அவர்கள் ஊரில் இல்லாதபோது பார்க்க ஒருவர். தெரு கூட்டும் தூய்மைப் பணியாளர்களிடம் நேரில் பேசி, குப்பையை அந்த வாய்க்குள் தள்ள வேண்டாம் என்று காட்டிக் கொடுங்கள். மழை அறிவிப்பு வந்த மாலையே இரண்டு வாயையும் பார்த்துவிட வேண்டும். மழை நின்று ஒரு நாள் கழித்துப் பள்ளத்தில் தண்ணீர் இருந்தால் கவனியுங்கள். மூன்றாம் நாளும் நின்றால் முதலில் கிணற்று மட்டத்தைப் பாருங்கள். கிணறு எழும்பியிருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை, நிற்கும் தண்ணீரை இறைத்துவிட்டு, மட்டம் இறங்கக் காத்திருக்க வேண்டியதுதான். கிணறு கீழே இருந்தால் மேல்மண்ணில் வண்டல் படிந்து ஓடு கட்டியிருக்கிறது என்று அர்த்தம். காய்ந்ததும் இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக்கலவை போட்டால் சரியாகிவிடும்.

முதல் கோடையில் வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். தை முடிந்ததும் சீமைக்கருவேலக் கன்றும் பார்த்தீனியமும் தலைகாட்டும், பூக்குமுன் பிடுங்குங்கள். இரண்டாவது கோடையில் வெட்டிவேரைத் தரையிலிருந்து ஒரு அடி விட்டு அறுத்து, அறுத்த தாளை அங்கேயே மூடாக்காகப் போடலாம். அந்த வருஷம் தூர்களைப் பிரித்து எடுத்தால் பக்கத்துத் தெருப் பள்ளத்துக்கு நாற்று வாங்க வேண்டியதில்லை. மூடாக்கை ஆவணி கடைசியில் வாரி எடுத்துவிட்டு, வண்டல் தொட்டியைச் சுத்தம் செய்து, டியூப் லெவலை ஒரு தடவை மறுபடி பிடித்துப் பாருங்கள்.